மேல்ஸ்தாயியைத் தவிர்த்த இரவுகள்

குவீன் இசைக்குழுவின் ரசிகர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் பேச்சு வெகு சீக்கிரம் ஒரு கேள்விக்கு வந்துவிடும்: அதன் பாடகர் ஃபிரெடி மெர்க்குரி மேடையில் உண்மையிலேயே நன்றாகப் பாடினாரா? கேட்பவர்களுக்கு வியப்பாக இருக்கும். 1985 ஜூலை 13 அன்று லைவ் எய்ட் நிகழ்ச்சியில், சுமார் இருபது நிமிடங்களில் வெம்ப்ளி மைதானம் முழுவதையும் தன் குரலுக்குக் கட்டிப்போட்டவரைப் பற்றியா இந்தச் சந்தேகம் என்பார்கள். ஆனால் ஊர் ஊராக, இரவு இரவாகக் கேட்டிருப்பவர்கள் அந்த ரசிகர்கள்தான். எந்த ஊரில் தொண்டை கட்டியிருந்தது, எந்த இரவில் குரல் கணீரென்று இருந்தது, எந்தப் பாட்டின் எந்த இடத்தில் மேலே போகாமல் ஒதுங்கினார் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம்.

குறை சொல்பவர்கள் சொல்வதில் பொய் இல்லை. 'வி ஆர் த சாம்பியன்ஸ்' பாட்டின் 1977 பதிவில் பல்லவி ஏறிப் போய்த் தொடும் உச்சத்தை அவர் மேடையில் பெரும்பாலும் தொடுவதில்லை. கீழே வேறு ஒரு வழியில் போய் முடித்துவிடுவார். பல பாடல்களில் மேலே உள்ள ஸ்வரங்களை, டிரம்ஸ் வாசித்தபடியே ராஜர் டெய்லர் ஏற்றுக்கொள்வார். 'பொஹீமியன் ராப்சடி'யின் நடுவில் வரும் ஓபரா பகுதியிலோ குழுவின் நால்வருமே மேடையை விட்டுப் போய்விடுவார்கள். ஒலிநாடா மட்டும் ஓடும்.

அந்த ஒலிநாடா விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். 1975-இல் மெர்க்குரி, கிட்டார் கலைஞர் பிரையன் மே, டெய்லர் மூவரும் தங்கள் குரல்களையே திரும்பத் திரும்ப ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிவு செய்து உருவாக்கிய பகுதி அது. எந்த நால்வராலும் அதை மேடையில் நின்று பாட முடியாது. வாயசைத்து ஒப்பேற்றியிருக்கலாம், அவர்கள் செய்யவில்லை. மேடையைக் காலியாக விட்டார்கள். இதைவிட நேர்மையாக ஒரு ஒலிநாடாவைப் பயன்படுத்த முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

மற்ற குறைகளுக்குக் காரணம் தொண்டையிலேயே இருந்தது. குரல் நாண்களில் முடிச்சுகள் வந்து அவரைப் பல ஆண்டுகள் வாட்டின. சிகரெட்டும் பிடித்தார். 2016-இல் கிறிஸ்டியன் ஹெர்ப்ஸ்ட் முதலிய ஆய்வாளர்கள் அவருடைய பதிவுகளை அளந்து பார்த்தார்கள். பேட்டிகளில் பேசும்போது அவர் குரலின் சுருதி சுமார் 117 ஹெர்ட்ஸ். பேச்சை வைத்துப் பார்த்தால் அது நடுத்தரமான, சற்றுக் கீழ்ஸ்தாயிக் குரல், மேற்கத்தியர் பாரிடோன் என்பது. உலகம் அவரை அறிந்ததோ அதற்கு மேலே உள்ள டெனராக. இயல்பாகவே உயரத்தில் குடியிருந்த குரல் இல்லை என்றால், இசைத்தட்டில் கேட்கும் அந்த உச்சங்களுக்கு ஒவ்வொரு முறையும் ஏறித்தான் போயிருக்க வேண்டும். ஒலிப்பதிவுக் கூடத்தில் ஏறலாம். சரிவராவிட்டால் நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடி ஏறலாம். ஊர் மாறி ஊர், இரண்டு மணி நேரம், பியானோ வாசித்து, மேடையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடிக்கொண்டு எத்தனை இரவுகள் ஏற முடியும்?

ஆனால் நான் பேச விரும்புவது காரணங்களைப் பற்றி மட்டுமில்லை. ஏற முடியாதபோது என்ன செய்தார் என்பதுதான் என்னை இத்தனை காலம் அந்தக் கச்சேரிப் பதிவுகளிலேயே உட்கார வைத்திருக்கிறது. ஒரே பாட்டை வெவ்வேறு ஆண்டுகளின் பதிவுகளில் தொடர்ந்து கேட்டால் புரியும். உச்சியை விட்டுவிட்டு அவர் போகும் வழி ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. ஒரு இரவு அந்த வரியைச் சற்றுத் தாமதித்து எடுப்பார். இன்னொரு இரவு கீழேயே நின்று, குரலை அகலமாக்கி, சொல்லுக்கு அழுத்தம் கொடுப்பார். தன் தொண்டையில் அன்று என்ன மிச்சமிருக்கிறது என்று தெரிந்து, பாடும் அந்த நொடியிலேயே மெட்டை மாற்றி அமைக்கிறார். நல்ல பாடகருக்கு இருக்க வேண்டிய புத்தி இதுதான். இசைத்தட்டைக் கையில் வைத்துக்கொண்டு மதிப்பெண் போடுபவர்கள் காதுக்கு இது ஏன் எட்டுவதில்லை என்று எனக்கு வருத்தம்.

'லவ் ஆஃப் மை லைஃப்' பாட்டைப் பாருங்கள். 1975 பதிவில் பியானோவும் ஹார்ப்பும் சூழ, அடுக்கடுக்கான குரல்களோடு வருவது. மேடைக்காக மே அதைப் பன்னிரண்டு தந்தி கிட்டாருக்கு மாற்றினார், சுருதியையும் இறக்கினார்கள். இறங்கிய பாட்டு எல்லோருக்கும் எட்டியது. 1981-இல் அர்ஜென்டினாவிலும் பிரேசிலிலும், பிறகு 1985 ஜனவரியில் ரியோவிலும், ஆங்கிலம் தாய்மொழியல்லாத பெருங்கூட்டம் அதை முழுதாகப் பாடியது. மெர்க்குரி பல வரிகளில் வாயை மூடிக்கொண்டு கூட்டத்தைப் பாட விட்டார். தொண்டைக்கு ஓய்வு தேடினார் என்று சொல்பவர்கள் உண்டு. ஓய்வும் கிடைத்திருக்கும். அதனால் அந்த அரங்கம் பாடியது குறைந்துவிடுமா?

எல்லா இரவுகளையும் நான் தாங்கிப் பேச மாட்டேன். 1979-இல் வெளியான 'லைவ் கில்லர்ஸ்' தொகுப்பில் களைப்பு காதில் படுகிறது. சில இடங்களில் பாட்டு கத்தலாகிவிடுகிறது. சில சுற்றுப்பயணங்களில் கச்சேரிகளுக்கு நடுவே இன்னும் இரண்டு நாள் இடைவெளி விட்டிருக்கலாம் என்று தோன்றுகிறது. அந்தப் பாரத்தை ஒரு தொண்டையின் மேல் ஏற்றியவர்கள் மீது எனக்குக் கோபம்கூட வருகிறது.

மேடையில் அவர் ஸ்வரங்கள் அப்பழுக்கில்லாமல் ஒலித்த ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. 1988 அக்டோபரில் பார்சிலோனாவில், ஓபரா பாடகி மொன்செரா கபாயேவோடு தோன்றியது. எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும், ஏனென்றால் இருவரும் முன்பே பதிவான பாட்டுக்கு வாயசைத்தார்கள். நோய் அவரைப் பிடித்திருந்த காலம் அது. குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் பிசிறே இல்லாத அந்த நிகழ்ச்சியை நான் மறுபடி தேடிப் போனதில்லை. தவிர்த்தலும் தடுமாற்றமும் நிறைந்த 1986 வெம்ப்ளி கச்சேரிப் பதிவுக்குத்தான் போகிறேன். அதில் கூட்டத்தோடு கேள்வி பதில் போல ஸ்வரங்களை வீசி விளையாடுகிறாரே, அங்கே குரலுக்குச் சொந்தக்காரர் யார் என்பதில் எந்தச் சந்தேகமும் இல்லை.

'எது சிறந்த கச்சேரி' என்ற வழக்கில் பலர் 1981 நவம்பர் 24, 25 தேதிகளில் மான்ட்ரியாலில் படமாக்கப்பட்டதைச் சொல்வார்கள். நானும் ஒப்புக்கொள்கிறேன். 'சம்பாடி டு லவ்' பாட்டை அங்கே அவர் பியானோ முன் உட்கார்ந்து தொடங்கும்போது குரலில் எந்தத் தயக்கமும் இல்லை. நினைத்த இடத்துக்கெல்லாம் போகிறது. புதிதாக வருபவருக்கு இதைத்தான் முதலில் போட்டுக் காட்ட வேண்டும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். நான் வெம்ப்ளியில் தொடங்குவேன். என்ன பாடினார் என்பது மான்ட்ரியாலில் கேட்கிறது. எதையெல்லாம் யோசித்துப் பாடினார் என்பது வெம்ப்ளியில்தான் கேட்கிறது. இந்த வாதத்தில் நண்பர்கள் இன்னும் என் பக்கம் வரவில்லை.