பதின்மூன்றாம் நாள்

எங்கள் ஸ்ரீரங்கத்து வீட்டில் முட்டை நுழைந்ததில்லை, கோழிக்குஞ்சு நுழைந்துவிட்டது. திருச்சி காந்தி மார்க்கெட்டுக்குக் கறிகாய் வாங்கப் போன இடத்தில், கூடை நிறையப் பச்சையும் ரோஜா நிறமுமாய்க் கீச்சிட்ட குஞ்சுகளைப் பேத்தி பார்த்துவிட்டாள். "தாத்தா, ஒண்ணே ஒண்ணு!" என்றாள். அப்புறம் தாத்தாவுக்கு ஏது வைராக்கியம்?

அட்டைப் பெட்டி, அரிசி நொய், தாலாட்டு எல்லாம் ஆயிற்று. மூன்றாம் நாள் காலை குஞ்சு எழுந்திருக்கவில்லை. "நான் சரியாப் பாத்துக்கலையா, தாத்தா?" என்று குழந்தை கேட்டது என்னைத் தைத்தது.

உத்தர வீதியில் ஓய்வுபெற்ற கால்நடை வைத்தியர் ஒருவர் என் நண்பர். அவரிடம் போனேன்.

"ஓய், அது பெரும்பாலும் சேவலாய்த்தான் இருக்கும். முட்டைக்கோழி ஜாதியில் பிறந்த சேவல் முட்டையும் இடாது; கறிக்கோழி மாதிரிச் சதையும் போடாது. பொரிப்பகத்துக்கு அதனால் லாபமில்லை. பொரித்த அன்றே அரைத்தோ, வாயு செலுத்தியோ தீர்த்துவிடுவது பல தேசத்து வழக்கம். தப்பியதுதான் சாயம் பூசிக்கொண்டு தெருவுக்கு வருகிறது" என்றார்.

ஜெர்மனியில் வருஷத்துக்குச் சுமார் நாலரைக் கோடிச் சேவல் குஞ்சுகள் இப்படிப் போயினவாம். 2022-இல் அதைச் சட்டம் தடுத்தது. முட்டையில் நுண்துளையிட்டோ, ஒளி பாய்ச்சியோ சேவலை முன்னதாகவே கண்டுபிடித்து விலக்குகிறார்கள். உள்ளே இருக்கும் கருவுக்கு வலிக்காதா? அதையும் யோசித்து, அடைக்கு வைத்த பதின்மூன்றாம் நாள் முதல் கருவையும் அழிக்கலாகாது என்று 2024-இல் வரம்பு கட்டினார்கள்.

நம் வீடுகளில் பதின்மூன்றாம் நாள் சுபம். துக்கம் முடிகிற நாள். முட்டைக்குள்ளோ அது வேதனை தொடங்கக்கூடிய நாள்!

ருக்மிணி தேவி அருண்டேல் ராஜ்யசபையில் கொண்டுவந்த மசோதா வித்தாக, 1960-இல் நமக்கும் பிராணிவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. மனிதன் தவிர்த்த எந்த ஜீவனும் அதில் பிராணிதான். முட்டைக்குள் இருப்பது எந்த நாளிலிருந்து ஜீவன் என்று மட்டும் அதில் குறிக்கவில்லை. ஜெர்மனியானாலும் நாமக்கல்லானாலும் குஞ்சு பொரிக்க அதே இருபத்தொரு நாள்தானே?

வீடு திரும்பி, "தப்பு உன்மேல் இல்லை" என்றேன்.

"அப்போ யார்மேல?"

போன மாதம் அவள் பிறந்தநாளுக்குத் தில்லைநகரிலிருந்து வந்த கேக்கை இரண்டாம் துண்டும் கேட்டு வாங்கித் தின்றது ஞாபகம் வந்தது. இந்தக் கட்டுரையின் முதல் வாக்கியத்தைத் திருத்த வேண்டும். முட்டை எங்கள் வீட்டில் நுழைந்திருக்கிறது.