மனம் சொல்வதெல்லாம் நடந்தது அல்ல

யாழ்ப்பாணத்து வடமராட்சியில், எங்கள் கரவெட்டியில், வயதான இருவர் மட்டும் இருக்கும் வீடுகள் கூடிவிட்டன. பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும். ஞாயிறு பின்னேரம் வழக்கமாக வரும் அழைப்பு ஒருநாள் வராவிட்டால், அம்மாவின் மனதுக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். 'தம்பி இண்டைக்கு எடுக்கேல்லை.' இது நடந்தது. 'எங்களை மறந்திட்டான்.' இது மனம் சொல்வது. 'அவள்தான் எடுக்க விடுறாள் இல்லை.' இது அதற்கும் மேலே மனம் கட்டியது. விளக்கு வைக்கும் நேரத்துக்குள் ஒரு பாவமும் அறியாத மருமகள் குற்றவாளியாகிவிடுவாள். இரவுச் சாப்பாடு இறங்காது. விடியத் தலையிடி. மந்திகை ஆஸ்பத்திரியில் தலையிடி என்று மட்டும் சொல்லிக் குளிசை வாங்கிக்கொண்டு வருவார்கள்.

எங்கள் சனம் மனவருத்தத்தை உடம்பாலேயே சொல்லிப் பழகியது. நெஞ்சு எரியுது, பெருமூச்சு வருது, நித்திரை இல்லை, ஒரே யோசினை. 1987 மே மாதத்து இராணுவ நடவடிக்கை, பிறகு இடப்பெயர்வுகள், 2004இல் கடற்கோள். பட்டதை ஆறுதலாக இருந்து பார்க்க வடமராட்சிக்கு எங்கே நேரம் இருந்தது? யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1993இல் 'மனவடு' என்ற நூலை எழுதினார். சிகிச்சையில் அவர் எங்கள் பழக்கங்களையே கைக்கொண்டார். சைவர்களுக்கு மந்திர செபம், கத்தோலிக்கருக்குச் செபமாலை, மூச்சைக் கவனித்தல். எல்லாம் எங்கள் வீட்டில் ஏற்கெனவே இருந்தவை.

நான் இளையவர்களுக்குச் சொல்வது இதுதான். முதலில் உடம்பைக் கவனியுங்கள். கோபம் வாய்க்கு வருமுன் தாடையை இறுக்கும். பயம் வயிற்றைப் பிசையும். அந்த இடத்தைக் கண்டுகொண்டு, மனதுக்குள் அதற்குப் பேர் சொல்லுங்கள்: 'இது ஏக்கம்.' துரத்த வேண்டாம், நியாயம் பிளக்கவும் வேண்டாம். நாலு மூச்சு ஆறுதலாக விடுங்கள். ஏக்கம் உடனே போகாது. ஆனால் அது சொல்லும் கதையை அப்படியே நம்பிவிட மாட்டீர்கள். பிறகு நீங்களே தொலைபேசியை எடுத்து, 'மனம் உன்னைத் தேடுது மோனை' என்று சொல்ல முடியும். 'நீ மறந்திட்டாய்' என்று தொடங்கும் கதை சண்டையில்தான் முடியும்.

மனம் சொல்வதைத் தள்ளி நின்று பார்ப்பது எங்களுக்குப் புதிதல்ல. மனம், புத்தி, சித்தம், அகங்காரம் நான்கும் கருவிகள், உயிர் அவற்றுக்கு வேறானது என்று சைவசித்தாந்தம் சொல்கிறது. சைவசமயப் பாடத்தில் இதை எழுதிப் புள்ளி வாங்கினோம். கோபம் வந்த நேரத்தில் எடுத்துப் பயன்படுத்தத்தான் பழகவில்லை. பௌத்தர்களும் உடல், உணர்ச்சி, சித்தம், தம்மம் என்ற நான்கையும் விழிப்போடு கவனிக்கப் பயிலுகிறார்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கவனிப்பது வேறு, அடக்குவது வேறு. 'ஆம்பிளைப் பிள்ளை அழக்கூடாது' என்று வளர்த்தது பெரிய பிழை. அப்படி அடக்கியது எத்தனையோ வீடுகளில் குடியாகவும் கைநீட்டலாகவும் வெளியே வந்திருக்கிறது.

கண்ணை மூடினால் ஷெல் சத்தம் கேட்கிறவர்களும், காணாமற்போன பிள்ளையின் முகம் வருகிறவர்களும் எங்கள் ஊரில் இன்றும் இருக்கிறார்கள். நீங்கள் அப்படி ஒருவரானால் கண்ணை மூடி இருக்க வேண்டாம். திறந்த கண்ணோடு முற்றத்து மரத்தைப் பார்த்து மூச்சைக் கவனித்தால் போதும். அதுவும் ஏலாவிட்டால் தனியே கிடந்து மாயாதீர்கள். உளநல வைத்தியரிடம் போங்கள். மனதில் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அதில் ஒரு வெட்கமும் இல்லை.