படி எடுத்தலும் படித்துப் பார்த்தலும்

சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், திருப்பெரும்புதூரைக் கடந்தால் வரும் ஊர் சுங்குவார்சத்திரம். வழிச்செல்வோர் தங்கி இளைப்பாறும் சத்திரம் அதன் பெயரிலேயே நிலைத்திருக்கிறது. இன்று அவ்வட்டாரம் தொழிற்சாலைகள் மலிந்த இடம். அங்கே உருவாகும் கைப்பேசிகள் கடல் கடந்தும் செல்கின்றன.

ஆலையை விட்டுப் புறப்படும்போது அக்கருவிகளுள் எவருடைய நினைவும் இல்லை. வாங்குவோரே அவற்றுள் தம் வாழ்வை இட்டு நிரப்புகின்றனர். குழந்தையின் முதற் சிரிப்பு, மறைந்த பாட்டியின் குரல், மாணவர் பல திங்கள் உழைத்து எழுதிய கட்டுரை ஆகிய யாவும் உள்ளங்கை அளவுள்ள பெட்டியில் அடங்கிவிடுகின்றன. கருவி பழுதுற்றால் அதைப்போல் ஆயிரம் கருவிகளை ஆலை செய்து தரும். உள்ளிருந்தவற்றையோ எந்த ஆலையும் செய்து தர இயலாது. ஆதலால் அவற்றுக்குப் படி எடுத்து வைத்தல் இன்றியமையாதது என்பதை யாவரும் அறிவர். எடுத்த படி காலத்தில் உதவுமா என்பதைச் சோதித்து அறிந்தோரோ மிகச் சிலர்.

2017-ஆம் ஆண்டு சனவரி 31-ஆம் நாள் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி இதனை நன்கு விளக்கும். மென்பொருள் எழுதுவோர் தம் ஆக்கங்களைச் சேமித்து வைக்கும் கிட்லேப் என்னும் நிறுவனத்தில், பொறியாளர் ஒருவர் இரவில் நெடுநேரம் பணிசெய்துகொண்டிருந்தார். துணைக் கணிப்பொறியில் அழிக்க வேண்டியதை, மயக்கத்தால் முதன்மைக் கணிப்பொறியில் அழிக்கத் தொடங்கினார். ஓரிரு நொடிகளில் தவற்றை உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் ஏறத்தாழ 300 ஜிகாபைட் அளவுள்ள தரவில் 4.5 ஜிகாபைட்டே எஞ்சியிருந்தது.

காப்புப்படிகள் இருக்கின்றனவே என்று அனைவரும் அவற்றை நாடினர். ஐந்து வகை ஏற்பாடுகள் இருந்தும், அவற்றுள் ஒன்றேனும் நம்பத்தக்கதாக இல்லை. நாள்தோறும் படி எடுக்க வேண்டிய நிரல், பதிப்பு வேறுபாட்டால் செயலிழந்து கிடந்தது. அதனை அறிவிக்க வேண்டிய மின்னஞ்சல்களும் உரியவரைச் சென்று சேரவில்லை. நல்வினைப் பயனாக, ஆறு மணி நேரத்துக்கு முன்னர் வேறொரு சோதனைக்கென எடுக்கப்பட்ட படி ஒன்று இருந்தது. அதனைக் கொண்டு பல மணி நேரம் உழைத்து நிலைமையைச் சீராக்கினர். எனினும், அந்த ஆறு மணி நேரத்துப் பதிவுகள் மீளவில்லை. அந்நிறுவனம் நடந்ததை மறைக்காது உலகுக்கு எடுத்துரைத்தது. அதனால் பிறரும் பாடம் கற்றனர்.

படி இருந்தும் பயன்படாமற் போதல் கணிப்பொறிக்கு மட்டும் உரியதன்று. நம் முன்னோர் ஓலைச்சுவடிகள் செல்லரித்துச் சிதையுமுன் புதிய ஏடுகளில் பெயர்த்தெழுதி வைத்தனர். பெயர்த்தெழுதுவோர் ஓர் ஏட்டை விட்டுவிட்டால், அடுத்த படியிலும் அக்குறை தொடரும். உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராகத் தேடிய சுவடிகளை ஒப்பிட்டு, 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்தார். அந்நூலின் 267, 268-ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. அவை என்ன கூறின என்பதை இனி யார் அறிவார்?

ஆதலின் பேணத் தக்கவற்றுக்கு மூன்று படிகளேனும் இருத்தல் வேண்டும். அவை இருவேறு வகைக் கருவிகளில் இருக்க வேண்டும். ஒன்று வேறோர் இடத்தில் இருக்க வேண்டும். ஒரே பெட்டியில் வைத்த இரண்டு படிகளும் பெட்டியோடு ஒருங்கே அழியும். ஓரிடத்தில் அழித்தால் மற்றோரிடத்திலும் தானே அழியுமாறு இணைத்து வைத்தது காப்புப்படி ஆகாது. பூட்டி வைத்த படியின் கடவுச்சொல்லை மறந்தால் அதுவும் இல்லாததற்கு ஒப்பாகும்.

இவை யாவற்றினும் தலையாயது, எடுத்த படியை அவ்வப்போது திறந்து பார்த்தல். சில கோப்புகளை வேறொரு கருவியில் மீட்டு, அவை முழுமையாக உள்ளனவா எனக் காண வேண்டும். பழைய வட்டை அழிப்பதற்கு முன் இதனைச் செய்தல் அறிவுடைமை. அழித்தபின் செய்தல் வருத்தத்தையே தரும். குளக்கரையின் உறுதியைக் கோடையிலேயே பார்த்து வைப்பவன் உழவன். வெள்ளம் வந்தபின் கரையைத் தேடுவதால் பயன் என்ன?