தெட்போர்டு என்னும் சந்தையூர்

இங்கிலாந்துக்குப் பிரயாணம் செய்கிறவர்கள் லண்டன் மாநகரைத் தவறாமல் பார்க்கிறார்கள். ஆக்ஸ்போர்டையும் கேம்பிரிட்ஜையும் பார்க்கிறார்கள். ஷேக்ஸ்பியர் பிறந்த வீட்டு வாசலில் நின்றுவிட்டு வருகிறார்கள். ஆனால் தெட்போர்டு என்ற பெயரைச் சொன்னால், "அது எந்தத் திசையில் இருக்கிறது?" என்று கேட்பவர்களே அதிகம். அப்படிப்பட்ட ஊரைத்தான் இந்த வாரம் எடுத்துக்கொண்டிருக்கிறோம். நேயர்கள் சற்றுநேரம் நம்முடன் அதன் தெருக்களில் உலாவி வரவேண்டும்.

லண்டனுக்கு வடகிழக்கே சுமார் எண்பது மைல் தூரத்தில், நார்போக் ஜில்லாவின் தென்கோடியில், தெட் என்ற சிற்றாறு லிட்டில் ஊஸ் என்ற ஆற்றோடு கலக்கும் இடத்தில் இவ்வூர் அமைந்திருக்கிறது. சுற்றுப்புறம் மணற்பாங்கான பூமி. 1922-ம் ஆண்டு முதல் அரசாங்கத்தார் நட்டு வளர்த்த ஊசியிலைக் காடு இப்போது ஊரைச் சூழ்ந்து நிற்கிறது. நல்ல கட்டடக் கல் அகப்படாத பிரதேசமாதலால், பூமியில் கிடைக்கும் சிக்கிமுக்கிக் கற்களைச் சுண்ணாம்பில் பதித்தே பழைய சுவர்களை எழுப்பியிருக்கிறார்கள்.

ஊர் சிறிதாயினும் சரித்திரம் பெரிது. 869-ம் ஆண்டில் டேனியர் படை இங்கே வந்து குளிர்காலத்தைக் கழித்தது. பதினோராம் நூற்றாண்டின் இறுதியில் சில ஆண்டுகள் கிழக்கு ஆங்கிலியா முழுவதற்கும் உரிய பிஷப்பின் பீடம் இவ்வூரிலேதான் இருந்தது. நார்மானியர் கோட்டை கட்டுவதற்காகக் குவித்த செயற்கைக் குன்று இன்றும் பிரம்மாண்டமாக நிற்கிறது. மேலே இருந்த கோட்டை மட்டும் இல்லை. 1540-ல் எட்டாம் ஹென்றி மன்னன் காலத்தில் மூடப்பட்ட பெரிய மடாலயம் இடிந்த சுவர்களாக எஞ்சி நிற்கிறது. பிற்காலத்தில் சந்தையும், பர்ரல் கம்பெனியார் செய்த நீராவி எஞ்சின்களுமே ஊருக்குப் பிழைப்பாயின. அந்தத் தொழிற்சாலையும் 1928-ல் மூடப்பட்டது.

இனி மனிதர்களைப் பார்ப்போம். கிங் தெருவில் பொன்முலாம் பூசிய வெண்கலச் சிலை ஒன்று நிற்கிறது. வலக்கையில் இறகுப் பேனா. இடக்கையில் ஒரு புத்தகம். உற்றுப் பார்த்தால் அந்தப் புத்தகம் தலைகீழாக இருப்பது தெரியும். சிற்பி ஸர் சார்லஸ் வீலர் தெரிந்தே அப்படிச் செய்தார் என்று சொல்கிறார்கள். பார்க்கிறவர்கள் 'ஏன்?' என்று கேட்கவேண்டும் அல்லவா? கேள்வி கேட்பதையே வாழ்க்கையாகக் கொண்ட ஒருவருக்கு வைத்த சிலை அது. அவர்தாம் தாமஸ் பெயின்.

பெயின் 1737-ல் இந்த ஊரில் பிறந்தார். தந்தை குவேக்கர் சமயத்தைச் சேர்ந்தவர்; திமிங்கில எலும்பு வைத்து மாதர் அணியும் கச்சுகளைத் தைப்பது அவர் தொழில். மகன் உள்ளூர் இலக்கணப் பள்ளியில் சில ஆண்டுகளே படித்தார். லத்தீன் நூல்களைக் குவேக்கர்கள் விரும்பாததால் அந்தப் பாஷை அவருக்கு வாய்க்கவில்லை. பின்னாளில் அவர் சாமானியரும் படிக்கக்கூடிய எளிய ஆங்கிலத்தில் எழுதி நாடுகளை அசைத்ததை எண்ணும்போது, லத்தீன் வராததும் ஒரு பாக்கியமே என்று உபாத்தியாயர்களாகிய நமக்குக்கூடத் தோன்றுகிறது.

பள்ளியில் கற்றதைவிட ஊரில் கண்டது அவருக்கு அதிகம் போதித்திருக்க வேண்டும். அக்காலத்தில் தெட்போர்டிலிருந்து பார்லிமெண்டுக்கு இரண்டு அங்கத்தினர்கள் போனார்கள். அவர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமையோ முப்பத்தொரு பேருக்கு மட்டுமே இருந்தது. அந்த முப்பத்தொருவரும் அருகிலிருந்த கிராப்டன் பிரபுவின் குடும்பத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். ஆண்டுதோறும் வசந்த காலத்தில் இங்கே செஷன்ஸ் கோர்ட்டு கூடும். அற்பத் திருட்டுக்காகவும் ஏழைகளைத் தூக்குமேட்டில் ஏற்றிய காலம் அது. இவற்றையெல்லாம் பார்த்து வளர்ந்த பிள்ளை கச்சு தைப்பதிலே திருப்தி அடைவானா?

சுங்க உத்தியோகத்தில் சேர்ந்து, சக ஊழியர்களின் சம்பள உயர்வுக்காக எழுதி, 1774-ல் வேலையை இழந்தார் பெயின். பெஞ்சமின் பிராங்க்ளினிடம் சிபாரிசுக் கடிதம் வாங்கிக்கொண்டு அவ்வாண்டின் இறுதியில் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். அங்கே அவர் நடத்திய பத்திரிகையில் 1775-ல் கிளைவின் இந்தியக் கொள்ளையைக் கடிந்து ஒரு கட்டுரை வெளிவந்தது. சென்னைக் கோட்டையில் குமாஸ்தாவாக வந்து இறங்கிய கிளைவின் செயலை, ஆங்கிலேயர் ஒருவர் நடத்திய பத்திரிகையே அந்நாளில் பழித்தது என்பதை நாம் மறக்கலாகாது. 1776-ம் ஆண்டு ஜனவரியில் 'காமன் ஸென்ஸ்' என்ற அவருடைய சிறு நூல் வெளியாயிற்று. ராஜாவிடம் மனுச் செய்துகொண்டிருந்த குடியேற்ற நாட்டு ஜனங்கள் அதன் பிறகு சுதந்திரம் என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லத் துணிந்தார்கள். ஆறே மாதத்தில் சுதந்திரப் பிரகடனம் பிறந்தது.

1791-லும் 1792-லும் 'மனித உரிமைகள்' என்ற நூலை இரண்டு பாகமாக வெளியிட்டார். முதியோருக்கு உபகாரச் சம்பளம், ஏழைக் குழந்தைகளின் படிப்புக்குப் பணம், செல்வருக்கு ஏறிச் செல்லும் வரி என்று அதில் அவர் போட்ட திட்டங்களை நாடுகள் நிறைவேற்ற ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. பிறந்த நாடு அவருக்கு என்ன கைம்மாறு செய்தது? ராஜ நிந்தனை வழக்குத் தொடர்ந்தது. பல ஊர்களில் அவருடைய கொடும்பாவியைக் கொளுத்தினார்கள். பிரான்ஸுக்குப் போனார், அங்கே மன்னனைக் கொல்லக்கூடாது என்று வாதாடியவர், பின்னர்ச் சிறையில் அடைபட்டார். 1809-ல் நியூயார்க்கில் இறந்தபோது சவ ஊர்வலத்தில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே வந்தனர். பத்தாண்டுக்குப் பின் காபெட் என்பவர் எலும்புகளைத் தோண்டி இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். அவையும் காலக்கிரமத்தில் காணாமற் போயின. சொந்த ஊரில் சிலை எழுந்தது 1964-ல். அதுவும் அமெரிக்க அன்பர்களின் கொடையால்! அப்போதுகூட ஊரில் எதிர்ப்பு இல்லாமலில்லை.

ஆனால் புத்தகத்துக்குக் கல்லறை இல்லை. மராட்டிய நாட்டில் ஜோதிராவ் புலே இளமையில் 'மனித உரிமைகள்' நூலைப் படித்தார். 1848-ல் அவரும் சாவித்திரிபாயும் புனாவில் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் திறந்தார்கள். தெட்போர்டுத் தையற்காரர் மகனின் எழுத்து, பள்ளி வாசலை மிதிக்கக்கூடாது என்று தடுக்கப்பட்ட நம் நாட்டுக் குழந்தைகளுக்கும் துணை செய்தது.

கிங் தெருவிலிருந்து சிறிது தூரம் நடந்தால் ஆற்றின் நடுவே பட்டன் தீவு இருக்கிறது. அங்கே தலைப்பாகையும் வாளுமாகக் குதிரைமீது வீற்றிருக்கும் வீரர் யார்? பஞ்சாபின் கடைசி மகாராஜா துலீப் சிங். 1838-ல் லாகூரில் பிறந்து, ஐந்து வயதில் பட்டம் சூட்டப்பட்டு, 1849-ல் ராஜ்யத்தையும் கோஹினூர் வைரத்தையும் பறிகொடுத்த பாலகர். தாயிடமிருந்து பிரித்து, மதம் மாறச் செய்து, 1854-ல் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். தெட்போர்டுக்குச் சில மைல் தூரத்திலுள்ள எல்வெடன் பண்ணையை 1863-ல் வாங்கினார். பதினேழாயிரம் ஏக்கர், மாளிகைக்குள்ளே இந்தியச் சித்திர வேலைப்பாடு, பிரபுக்கள் கூடும் வேட்டை விருந்து. ஒன்றும் அவர் மனக்குறையை ஆற்றவில்லை. 1886-ல் தாய்நாடு திரும்பப் புறப்பட்டவரை ஏடனில் மறித்தார்கள். அங்கேயே மீண்டும் சீக்கிய தர்மத்தைத் தழுவினார். அதன் பின் தாய்மண்ணை மிதிக்காமலே 1893-ல் பாரிஸில் காலமானார். எல்வெடன் மாதாகோயிலருகே அவருடைய சமாதி இருக்கிறது. சிலை திறந்தது 1999-ல்.

அவருடைய மக்களின் கதை வேறு. மகன் பிரெடரிக் பழம்பொருள் ஆராய்ச்சியில் ஈடுபட்டவர். தெட்போர்டிலுள்ள பழமையான மரவீடு ஒன்றை வாங்கி, 1921-ல் ஊருக்கே தானம் செய்தார். அது இன்று நகரின் காட்சிச்சாலை. ராஜ்யத்தை இழந்தவரின் பிள்ளை, அந்நியர் ஊரின் சரித்திரத்தைக் காத்துக் கொடுத்தார்! எல்வெடனில் வளர்ந்த மகள் ஸோபியா பெண்களின் வாக்குரிமைப் போரில் குதித்தார். 1910 நவம்பர் 18-ந் தேதி பார்லிமெண்டுக்குச் சென்ற மாதர் கூட்டத்தில் முன்வரிசையில் நின்றார். வாக்குரிமை இல்லையேல் வரியும் இல்லை என்று மறுத்து, நகை ஜப்தி செய்யப்பட்டபோதும் அவர் அசையவில்லை.

மூன்றாமவர் வைத்தியர். ஆலன் கிளேஸியர் மின்ஸ் 1858-ல் பஹாமாத் தீவில் பிறந்த கறுப்பர். லண்டனில் வைத்தியம் கற்றுத் தெட்போர்டுக்கு வந்து, அங்கிருந்த ஏழைகள் விடுதிக்கு மருத்துவரானார். 1903-ல் நகரசபைக்கு அவரைத் தேர்ந்தெடுத்த ஜனங்கள் 1904-ல் நகரத் தலைவராகவும் ஆக்கினார்கள். 1913-ல் லண்டன் பாட்டர்ஸீயில் தலைவரான ஜான் ஆர்ச்சரையே பிரிட்டனின் முதல் கறுப்பு நகரத் தலைவர் என்று வெகுகாலம் எண்ணியிருந்தார்கள். பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் நிறத்தைப் பார்த்து மனிதரைத் தரம் பிரித்த அக்காலத்தில், இந்தச் சந்தையூர் தன் நோயாளிகளின் நாடியைப் பிடித்த கையைப் பார்த்துத் தலைவரைத் தேர்ந்தது.

பிறந்தவரை ஊர் போற்றவில்லை. அடைக்கலமாக வந்தவருக்கு ஊர் போதவில்லை. எங்கிருந்தோ வந்த வைத்தியரையோ ஊர் தன் தலைமேல் வைத்துக்கொண்டது. பின்னால் விழித்துக்கொண்டு முதலிருவருக்கும் சிலை எடுத்தது. தாமதமானாலும் நல்ல காரியமே. ஆனால் சிலை, மன்னிப்புக்கு ஈடாகுமா? பெயின் உயிரோடு இருந்தபோது அவர் புத்தகத்தைத் திறந்து படித்திருந்தால் ஊருக்கு எவ்வளவு நன்மை! துலீப் சிங்கைக் கப்பலிலிருந்து இறக்காமல் விட்டிருந்தால் எவ்வளவு நியாயம்!

பள்ளிப் பிள்ளைகளுக்கு நாம் ஊர்ப் பெருமை சொல்லிக் கொடுக்கிறோம். கூடவே ஒரு கணக்கும் கேட்கச் சொல்ல வேண்டும்: பெரியோரை அவர்கள் வாழ்ந்த காலத்தில் ஊர் எப்படி நடத்தியது? தெட்போர்டின் கணக்கில் மூன்றில் ஒன்றுதான் சரியாக வந்திருக்கிறது. தங்கள் ஊரின் கணக்கை நேயர்கள் தங்கள் வீட்டுக் குழந்தைகளோடு உட்கார்ந்து போட்டுப் பார்ப்பார்களாக.