ஒளிபுகா மஞ்சளும் சுடரும்

கண்ணாடி மணிகளில் காணும் பழைய ஒளிபுகா மஞ்சள், சாயம் கரைந்து உண்டாகும் நிறமன்று. ஈயமும் வெள்ளீயமும் ஆக்சிஜனோடு கூடிய ஈய ஸ்டானேட் என்னும் சேர்மத்தின் நுண்படிகங்கள் கண்ணாடிக்குள் கரையாமல் நின்று ஒளியைச் சிதறடிப்பதால் தோன்றுவது. அரிக்கமேட்டிலும் இலங்கையின் மாந்தையிலும் கிடைத்த, இந்தோ-பசிபிக் மணிகள் எனப்படும் சிறுமணிகளின் மஞ்சளுக்கு இதுவே அடிப்படை. கொல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் ஆசுதோஷ் அருங்காட்சியகம் 1950-களில் அகழத் தொடங்கிய, மேற்கு வங்கத்தின் தொல்லியல் தளமான சந்திரகேதுகரிலும் கண்ணாடி மணிகள் கிடைத்துள்ளன. அங்குள்ள சுடுமண் சிற்பங்களின் புகழில் அவை மறைந்துபோயின என்பது வருந்தத்தக்கதே.

வெப்பம் மிகுந்தால் இப்படிகங்கள் கரைந்து மஞ்சள் வெளிறிவிடும். சுடரில் கண்ணாடிக் கோலை உருக்கி, களிமண் குழம்பு பூசிய எஃகுக் கம்பியில் சுற்றி மணி செய்யும்போது, ஆக்சிஜன் குறைந்த சுடர் பட்டால் ஈயம் உலோகமாகப் பிரிந்து மேற்பரப்பு கருக்கும் என்பதால், ஆக்சிஜன் மிகுந்த சுடரின் வெளிப்பகுதியில் மெல்ல உருக்குவதே முறை. விந்தையாக, செம்பினால் சிவக்கும் கண்ணாடிக்கு அந்த ஆக்சிஜன் குறைவே தேவை. 1950-இல் கொல்கத்தாவின் யாதவ்பூரில் திறக்கப்பட்ட மத்திய கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராக விளங்கிய ஆத்மா ராம் அச்செந்நிறத்தை ஆராய்ந்தவர்.

இன்றைய மஞ்சள் கோல்கள் பலவற்றில் காட்மியம் சல்பைடே நிறம் தருகிறது. மிகைவெப்பத்தில் அதுவும் பழுப்பேறும். அதன் புகை நச்சுடையது என்பதால் பணியிடத்தில் நல்ல காற்றோட்டம் கட்டாயம்.