ஒரு விரல் சுண்ணாம்பு

விருதுநகர்க்காரர்களுக்குத் திருவிழா என்றால் ஒன்றுதான்: பங்குனிப் பொங்கல். பராசக்தி மாரியம்மன் கோயிலின் அக்கினிச் சட்டிகளும், கூடவே நடக்கும் பொருட்காட்சியின் ராட்டினமும், டெல்லி அப்பளம் பொரியும் எண்ணெய் மணமும் சேர்ந்ததே எங்கள் அளவுகோல். உலகத்தின் மற்றெல்லாத் திருவிழாக்களையும் அதைக்கொண்டுதான் அளந்து வந்திருக்கிறோம். ஆகவே 2019 ஆகஸ்டில் லண்டன் ஒலிம்பியா மண்டபத்தின் வாசலில், கிரேட் பிரிட்டிஷ் பியர் ஃபெஸ்டிவலுக்கான நுழைவுச்சீட்டுடன் நின்றபோது எங்களில் ஒருவர் கேட்ட முதல் கேள்வி, "ராட்டினம் எந்தப் பக்கம்டா?" என்பதாக இருந்தது.

இதை மூவரும் சேர்ந்தே எழுதுகிறோம். விருதுநகரில் ஒரே வகுப்பில், ஒரே பெஞ்சில் படித்தவர்கள். ஒருவர் லண்டன்வாசி, வீட்டுக்குப் பின்னாலிருக்கும் கொட்டகையில் தானே பியர் காய்ச்சிப் பார்க்கும் பித்து உடையவர். அவர் இழுத்த இழுப்புக்குத்தான் மற்ற இருவரும் போனோம். இன்னொருவர் சிவகாசியில் அச்சகம் வைத்திருப்பவர், மதுவைத் தொடாதவர், லேபிள்களைப் பார்க்க வந்தவர். மூன்றாமவர் விருதுநகர் பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருந்தவரின் மகன். அவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அவருடைய சம்மதத்துடன்தான் எழுதுகிறோம். சில இடங்களில் அவர் சொல்லச் சொல்லவும்.

ஒலிம்பியா 1886இல் திறக்கப்பட்ட கூடம். இரும்பு வளைவுகளும் கண்ணாடிக் கூரையுமாக, ரயில் வராத ரயில் நிலையம் போலிருக்கும். உள்ளே நுழைந்ததும் சிவகாசிக்காரர் கூரையைப் பார்க்கவில்லை. வெளியேறும் கதவுகளை எண்ணினார். எங்கள் பக்கத்தில் பயராபீஸ் வாசனையோடு வளர்ந்த எவரும் அப்படித்தான். ஓர் அறைக்கு எத்தனை பேர், எத்தனை கதவு என்ற கணக்கில் உயிர் இருக்கிறது என்பதைச் சிறுவயதிலேயே தெரிந்துகொண்டவர்கள். கணக்கு திருப்தியாக முடிந்த பிறகே அவர் உள்ளே வந்தார்.

முதலில் ஒரு கண்ணாடிக் குவளையை முன்பணம் கொடுத்து வாங்க வேண்டும். அதில் மூன்றில் ஒரு பங்கு, அரை, முழு பைன்ட் என்று கோடுகள் உண்டு. வேண்டிய கோடுவரை ஊற்றிக்கொண்டு மேசை மேசையாகப் போகலாம்; திரும்பும்போது குவளையைக் கொடுத்துப் பணத்தைப் பெற்றுக்கொள்ளலாம். ஏறத்தாழ ஆயிரம் வகைகள். மூன்றில் ஒரு பங்குக் கோடு என்பது ரசிகனுக்காகவே போட்ட கோடு: குடித்து விழ வந்தவனுக்கு அது போதாது, ருசி பார்க்க வந்தவனுக்கு அதற்கு மேல் தேவையில்லை. எங்காவது ஒரு குவளை கை தவறி உடைந்தால் கூடமே ஒன்றுசேர்ந்து ஆரவாரம் செய்தது. பொங்கல் கூட்டத்தில் குலவை எழும்பும் வேகம் அதில் இருந்தது.

எங்களை வியக்க வைத்தது பியர் அல்ல, ஊற்றியவர்கள். மேசைகளுக்குப் பின்னால் நின்ற ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், தபால்காரர்கள், கணக்கர்கள் எவருக்கும் சம்பளம் கிடையாது. 'காம்ரா' என்ற குடிப்போர் சங்கத்தின் உறுப்பினர்கள் அவர்கள். சங்கத்தின் கதையை லண்டன்வாசி வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார். 1971இல் அயர்லாந்துக்கு விடுமுறைக்குப் போன நான்கு இளைஞர்கள் தொடங்கியது. அப்போது பெரிய ஆலைகள், பியரை வடிகட்டி, சூடேற்றி, நொதியைக் கொன்று, கரியமில வாயு ஏற்றி ஊரெங்கும் ஒரே ருசியில் அனுப்பிக்கொண்டிருந்தன. பீப்பாய்க்குள் நொதி உயிரோடிருந்து கடைசிவரை புளித்துக்கொண்டேயிருக்கும் பழைய ஏல் அழியும் நிலையில் இருந்தது. அதற்கு ஆயுள் குறைவு. பீப்பாயைத் திறந்தால் மூன்று நான்கு நாளில் தீர்த்துவிட வேண்டும். ஆயுள் குறைந்த பண்டம் வியாபாரத்துக்கு ஆகாது என்றார்கள் ஆலைக்காரர்கள். ஆகும் என்றார்கள் குடிப்பவர்கள். 1977இல் அலெக்சாண்ட்ரா பேலஸில் இந்தப் பெயரில் முதல் திருவிழா. 2019இல் சங்கத்தின் உறுப்பினர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல்.

அதே 1971இல்தான் தமிழ்நாட்டில் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது என்று மூன்றாமவர் நடுவில் சொன்னார். ஏன் சொன்னார் என்று அப்போது எங்களுக்கு விளங்கவில்லை.

சிவகாசிக்காரர் இதையெல்லாம் காதில் வாங்கவில்லை. பியர் இறைக்கும் கைப்பிடிகளில் மாட்டியிருந்த சின்னங்களை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்து, "சிவப்பு ஒரு நூல் விலகியிருக்கு" என்றும், "இது நல்ல வேலை" என்றும் தீர்ப்பு வழங்கிக்கொண்டிருந்தார். அந்த ஆண்டின் சிறந்த பியராகச் சரே ஹில்ஸ் ஆலையின் 'ஷியர் டிராப்' தேர்வானபோது, அதன் சின்னத்துக்கு நூற்றுக்கு எழுபது போட்டார். அவருடைய குவளையில் கடைசிவரை தண்ணீர்தான்.

வெளிநாட்டு மேசை ஒன்று இருந்தது. அங்கே பெல்ஜியத்தின் 'லாம்பிக்' வகையை லண்டன்வாசி மூன்றில் ஒரு கோடு ஊற்றி வாங்கினார். பிரஸ்ஸல்ஸைச் சுற்றியுள்ள பகுதியில் செய்வது. நொதியைத் தனியாகச் சேர்ப்பதில்லை. காய்ச்சிய சாற்றைத் திறந்த தொட்டியில் இரவு முழுக்க ஆறவிடுகிறார்கள். காற்றிலும் மரப்பீப்பாயிலும் உள்ள நொதிகள் தாமாக வந்து குடியேறிப் புளிக்க வைக்கின்றன. மூன்றாமவர் குவளையை வாங்கி மூக்கருகே கொண்டுபோனார். குடிக்கவில்லை. வெகுநேரம் அப்படியே நின்றார்.

"எங்க தாத்தா வாசம்டா இது" என்றார்.

மேசைக்குப் பின்னால் நின்ற முதியவர் எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, உங்கள் ஊரில் இதுபோல ஏதாவது உண்டா என்று கேட்டார். லண்டன்வாசி வாயைத் திறக்குமுன் மூன்றாமவர் பேச ஆரம்பித்தார். பனை என்று ஒரு மரம். அதன் பாளையை இடுக்கியால் நசுக்கி, நுனியைத் தினமும் மெல்லிசாகச் சீவிவிட்டுக் கலயம் கட்டுவார்கள். சொட்டுச் சொட்டாக இறங்கும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் இறங்குவது பதநீர். பால்குடிக் குழந்தைக்கும் கொடுக்கலாம். தடவாவிட்டால் கள். எவரும் நொதி சேர்ப்பதில்லை. விடிகாலையில் இனிப்பு, மதியத்தில் புளிப்பு, மறுநாள் காடி. வீரியம் இங்கே உள்ள பிட்டர் அளவுதான், நூற்றுக்கு நாலோ ஐந்தோ. "என் தாத்தா ஒரு நாளைக்கு முப்பது நாற்பது மரம் ஏறி இறங்குவார்" என்று முடித்தார்.

ஆறாம் வகுப்பிலிருந்து கூடவே இருந்த எங்களுக்கு அது புதிய செய்தி. அவருடைய தாத்தா சாயல்குடிப் பக்கம் விவசாயம் பார்த்தார் என்றுதான் நாங்கள் அறிந்திருந்தோம். அவருடைய அப்பா அப்படித்தான் சொல்வார். எங்கள் ஊரில் 'பனையேறி' என்பது ஒரு தொழிலின் பெயராக மட்டும் இருந்ததில்லை. தெருச்சண்டையில் எறியப்படும் கல்லாகவும் இருந்தது. பஜாரில் ஒரு கடை, கல்லாப்பெட்டி, கல்லூரிக்குப் போன பிள்ளை என்று மூன்று படி ஏறியவர் நான்காவதாகத் திரும்பிப் பார்க்க விரும்பவில்லை.

முதியவருக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது: இந்தியா வந்தால் அதை எங்கே குடிக்கலாம்? தமிழ்நாட்டில் முடியாது, 1987 முதல் கள்ளுக்குத் தடை என்றோம். அப்படியானால் மதுவே கிடையாதா என்றார். உண்டு, 2003 முதல் சில்லறைக் கடைகளையும் அரசே நடத்துகிறது; பிராந்தி, விஸ்கி, பியர் எல்லாம் கிடைக்கும் என்றோம். அவர் தலையைச் சாய்த்துக்கொண்டு இன்னொருமுறை கேட்டார். மூன்று முறை விளக்கினோம். ஒவ்வொரு முறையும் எங்களுக்கே குறைவாகப் புரிந்தது. பெல்ஜியத்தின் பியர்ப் பண்பாட்டை 2016இல் யுனெஸ்கோ மானுடத்தின் மரபுச் செல்வங்களில் சேர்த்தது என்று அவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார், குத்திக்காட்டுவதற்காக அல்ல.

வீடு திரும்பும் ரயிலில் நாங்கள் கொஞ்சம் கொதித்துப்போயிருந்தோம். நமக்கும் ஒரு சங்கம் வேண்டும், கோடு போட்ட குவளை வேண்டாம், பனையோலைப் பட்டை போதும் என்றெல்லாம் பேசினோம். சிவகாசிக்காரர் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார். பிறகு சொன்னார்: "எங்க அம்மாட்ட வந்து இதப் பேசுங்க." அவருடைய அம்மா தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கியவர். சனிக்கிழமை சம்பளம். அதே சனிக்கிழமை மாலை அப்பா வீட்டுக்கு வருவார். மடியில் முடிந்த கூலியில் பாதி அன்றைக்கே போய்விடும். "கள்ளா, சாராயமா, கவர்மெண்டுக் கடையான்னு அது பாத்ததில்ல. போனது போனதுதான்."

அதற்கு எங்களிடம் பதில் இல்லை. இன்றும் முழுமையாக இல்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றபோது, கள் இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று ஒருவர் எழுத, குடியே இல்லாதிருந்தால் நடந்திருக்காது என்று மற்றவர் எழுத, எங்கள் மூவரின் வாட்ஸப் குழு இரண்டு நாள் மௌனமாக இருந்தது. லண்டன் மண்டபத்தில் நாங்கள் கண்டது குடியின் பெருமை அல்ல என்று மட்டும் இப்போது சொல்லத் தோன்றுகிறது. ஒரு பண்டத்தைச் செய்கிறவன் கூசாமல் நிற்க ஓர் இடம் அங்கே இருந்தது. எங்களில் ஒருவரின் தாத்தாவுக்கு அப்படி ஓர் இடம் வாய்க்கவில்லை. பங்குனிப் பொங்கலுக்கு விருதுநகர் வரும்போதெல்லாம், அந்த வெயிலிலும் அவர் துண்டை மார்பின் குறுக்கே இழுத்துப் போர்த்தியே இருப்பாராம். மரத்தைத் தழுவித் தழுவி நெஞ்சில் விழுந்த காய்ப்பு வெளியே தெரியாதிருக்க.

2025 மே மாதம் மூவரும் ஊரில் இருந்தோம். இருட்டோடு கிளம்பி அருப்புக்கோட்டை வழியாகச் சாயல்குடிப் பக்கம் போனோம். சாலையோரம் ஒரு விடிலியில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஓர் அம்மாள் கருப்பட்டிக்குப் பதநீர் காய்ச்சிக்கொண்டிருந்தார். பனையேறும் அண்ணாச்சி அப்போதுதான் இறங்கினார். பட்டையை மடித்து எங்கள் கையில் கொடுத்து ஊற்றினார். தொண்டையில் இறங்கும்போது கடைசியில் மெல்லிய சுண்ணாம்புக் காரம். சிவகாசிக்காரர் இரண்டு பட்டை குடித்தார்.

சுண்ணாம்பு எவ்வளவு தடவுவீர்கள் என்று மூன்றாமவர் கேட்டார். அண்ணாச்சி சிரித்துக்கொண்டு ஆள்காட்டி விரலை நீட்டினார். நுனியில் வெள்ளை காய்ந்திருந்தது. "ஒரு விரல் போதும். இது இருந்தா வியாபாரம். இல்லாட்டி கேசு."

மூன்றாமவர் சட்டையைக் கழற்றினார். தளைநாரை வாங்கிக் காலில் மாட்டிக்கொண்டார். நாங்கள் தடுத்தோம், அண்ணாச்சி தடுக்கவில்லை, பின்னால் வந்து நின்றுகொண்டார். நாற்பத்தெட்டு வயது உடம்பு; நான்கடி ஏறியிருப்பார். சறுக்கிக்கொண்டு வந்து மணலில் உட்கார்ந்தார். நெஞ்சில் குறுக்காகச் சிராய்ப்பு, அங்கங்கே ரத்தம் பொடித்திருந்தது.

மாலையில் விருதுநகர் வீட்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தோம். எரிச்சல் தாங்காமல் அவர் சட்டைப் பொத்தான்களை அவிழ்த்துவிட்டிருந்தார். எண்பதைத் தாண்டிய அப்பா உள்ளிருந்து வந்தார். மகனின் நெஞ்சைப் பார்த்தார். எங்கே போனீர்கள் என்று கேட்கவில்லை. அந்தச் சிராய்ப்பு எதனால் வரும் என்று அவருக்கு எவரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உள்ளே போய் ஒரு சின்னக் கிண்ணத்தோடு திரும்பினார்.

"தேங்காண்ணெய் போடாத" என்றார். "ஒங்க தாத்தாவுக்கு வெளக்கெண்ணெய்தான் கேக்கும்."