நின்ற கப்பலின் பாய்

பாய், கப்பலைச் செலுத்துதற்கு உரியது. நங்கூரம், அதனை நிறுத்துதற்கு உரியது. நங்கூரம் இட்டபின் பாயைச் சுருட்டிக் கட்டுதலே எங்கும் உள்ள வழக்கம். ஆயினும், நங்கூரம் இட்டபின்னரே விரிக்கப்படும் சிறு பாய் ஒன்று உண்டு. பார்ப்போர்க்கு இது வேடிக்கையாகத் தோன்றும். அதன் பயனை அறிய வேண்டுமாயின், அமெரிக்க நாட்டு மீனவரிடம் செல்லுதல் வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில், அந்நாட்டின் கிழக்குக் கரையிலுள்ள கிளாஸ்டர் துறைமுகத்து மீனவர், இரண்டு பாய்மரங்களையுடைய கப்பல்களில் ஜார்ஜஸ் மேட்டிற்குச் செல்வர். அஃது கடலுள் மூழ்கிக் கிடக்கும் பெருந்திட்டு. அங்கே ஆழம் குறைவு. காட் என்னும் மீன் மிகுதி. கடுங்குளிர்க் காலத்திலும் கப்பல்கள் அருகருகே நங்கூரமிட்டு நிற்கும்.

நங்கூரமிட்ட கப்பல் அசையாது நிற்கும் என்று கரையில் உள்ளோர் எண்ணுவர். அவ்வெண்ணம் பிழை. வடம் பற்றியிருப்பது கப்பலின் முன்பகுதியாகிய அணியத்தை மட்டுமே. காற்று அணியத்தைச் சற்றே ஒதுக்கினும், கப்பலின் பக்கம் முழுவதும் காற்றுக்கு இலக்காகும். உடனே கப்பல் குறுக்கே ஓடும். வடம் விறைத்து இழுத்ததும் திரும்பி மறுபுறம் ஓடும். தறியிற் கட்டிய முரட்டுக் காளை, கயிறு எட்டும் அளவும் இங்குமங்கும் பாய்வது போன்றது இது. ஒவ்வோர் இழுப்பிலும் வடம் தேயும். நங்கூரத்தின் பிடியும் தளரும்.

ஆதலின், பின் பாய்மரத்தில் முக்கோண வடிவான சிறு பாயொன்றை ஏற்றுவர். காற்றாடிக்கு வால் எத்தகையதோ, கப்பலுக்கு இப்பாய் அத்தகையது. அணியம் விலகியவுடன் காற்று இப்பாயின் பக்கத்தில் மோதிக் கப்பலின் பின்புறத்தைத் தள்ளும். அணியம் மீண்டும் காற்றை நோக்கித் திரும்பும்.

ஓடுதற்குரிய பாய், காற்றை ஏந்திப் புடைத்தல் வேண்டும். இப்பாய்க்கோ புடைத்தல் ஆகாது. தடித்த துணியைப் பலகைபோல் தட்டையாகத் தைத்து, அதன் பின்மூலைக் கயிற்றை இறுக இழுத்துக் கப்பலின் நடுக்கோட்டிற் கட்டுவர். இக்கயிற்றை நம் கடற்கரையார் தாமான் என்பர். தாமான் தளர்ந்தால் பாய் படபடத்துக் கிழியும்; புடைத்தாலோ, அடக்க வந்த ஆட்டத்தைத் தானே வளர்க்கும்.

ஆட்டத்தை அடக்குவதில் இத்துணைக் கவலை ஏன்? ஒரு கப்பலின் நங்கூரம் பெயர்ந்தால், அது காற்றின் வழியே வந்து மற்றொன்றன்மேல் மோதும்; இரண்டும் அழியும். ஆகவே, புயலடிக்கும் இரவில் ஒருவன் கோடரியும் கையுமாய் வடத்தருகே நிற்பான். இருளில் ஒரு கப்பல் தம்மை நோக்கி வருவது தெரிந்தால், தம் வடத்தையே வெட்டி விலகவேண்டும். வீணாக வெட்டினால் தம் கப்பலே பிறருக்குக் கூற்றாகும். வெட்டப் பிந்தினால் தாமே மாள்வர். 1862 பிப்ரவரி 24 அன்று இரவு அங்கு வீசிய புயலில் 15 கப்பல்கள் அழிந்தன. 120 பேர் மாண்டனர்.

அத்தகைய புயலைச் சிறு பாய் தடுத்துவிடும் என்று கூறுதல் மிகையாகும். ஏனைய நாள்களில் வடம் தேயாமற் காத்து, களைத்தவர்க்குச் சிறிது உறக்கம் தருவதே அதனால் இயன்றது.

அக்கப்பல்களின் காலம் முடிந்தது. இன்று சிறு பாய்ப்படகு உடையோர், பாய்மர உச்சியிலிருந்து படகின் பின்முனைக்கு இறங்கும் கம்பியில் அத்தகைய பாயை ஏற்றுகின்றனர். பின்னர், கரையிலுள்ள மரம் ஒன்றை அடையாளமாகக் கொண்டு, படகின் ஆட்டம் குறைந்ததா என்று நோக்குவர். குறையவில்லையெனின், தாமானை இன்னும் ஒரு சாண் இழுத்துக் கட்டுவர்.